முன் சீற்றுத் தீர்மானம்

சுவர்ணா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எழும்ப முடியாமல் கிடக்கும் தன் புருஷனை, கிடந்தபடியே மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வர ஒரு வாகனம் வேண்டும். அதைக் கேட்ட குற்றத்துக்காக அவளை ஒரு உப குழுவில் போட்டுவிட்டார்கள்.

கோபிசங்கர் மயிலிட்டித் துறைமுகத்தில் படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு இடுப்பை நசித்துக்கொண்டவன். எலும்பைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வாராவாரம் மானிப்பாயில் பயிற்சி கொடுத்தால் எழும்பி நடப்பான், விட்டுவிட்டால் இடுப்பு இப்படியே இறுகிப்போகும் என்று டொக்டர் சொன்னார். அதுவரை ஆளை இருத்தக் கூடாது, மடிக்கக் கூடாது. மடிக்காமல் ஓட்டோவில் ஏற்றுவதென்றால் முழங்காலுக்குக் கீழே றோட்டில்தான் வரும். அவசர அம்புலன்ஸ் அவசரத்துக்கு வரும், கிளினிக்குக்கு வராது. ஒருமுறை வாடகைக்கு வான் பிடித்தாள். தொழில் நின்றுபோன வீட்டில் இரண்டாம் முறைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஆகவே அவள் வடகரைக் கடற்றொழிலாளர் மேம்பாட்டுச் சபைக்குப் போனாள். கடற்றொழிலாளரை மேம்படுத்துவதற்கென்றே உண்டான சபை அது. அதன் தலைவர் செல்வநாயகம் கொழும்பில் ஏதோ ஒரு திணைக்களத்தில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது கரையில்தான். ஆனால் மீன் மணம் பட்டால் தலையிடிக்கும் என்பதால், காற்று எந்தக் காலத்திலும் கடலிலிருந்து வராத ஒரு மூலையைத் தேடிப் பிடித்துச் சபையின் கட்டடத்தை அங்கே கட்டுவித்திருந்தார். செயலாளர் நோர்மன் மாஸ்ரர் உடுவில்காரர். மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தவர். தலைமுறை தலைமுறையாகக் கூட்டக் குறிப்பு எழுதி வந்த குடும்பம். ஊரில் ஒரு கூட்டம் நடந்ததா இல்லையா என்பதை அவருடைய குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், கூட்டத்தில் இருந்தவர்கள் உட்பட.

"எப்பிடியான வாகனம், தங்கச்சி?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"ஒரு வான் இருந்தால் காணும் ஐயா. பின்னுக்கு ஒரு ஆள் படுக்கக்கூடியதாய். பழசெண்டாலும் காரியமில்லை. ஊரிலை இன்னும் எத்தினை பேர் இப்பிடிக் கிடக்கினம், எல்லாருக்கும் உதவும்."

செல்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு வருகிறது என்று அர்த்தம்.

"பாத்தீரே நோர்மன், பழைய வான், அதுக்குள்ளை ஒரு படுக்கை. எங்கடை சனத்தின்ரை கனவே இவ்வளவுதான். உலகம் எங்கை போகுது! நாங்கள் வானுக்கை படுத்துக்கொண்டு போகப் போறமோ? சபை ஒரு வாகனம் வாங்குதெண்டால் அதைக் கண்டு நாலு பேர் எழும்பி நிக்க வேணும்."

"என்ரை மனிசன் ஒராள் எழும்பி நிண்டால் காணும் ஐயா," என்றாள் சுவர்ணா.

இதை நோர்மன் மாஸ்ரர் குறிப்பில் எடுக்கவில்லை.

அன்று பின்னேரமே கனடாக் கிளைத் தலைவர் சிவரூபனுடன் கைபேசியில் முகம் பார்த்துப் பேசினார்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், செய்தது படத்தில் தெரியவும் வேண்டும் என்று நெடுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"வான் சரிவராது அண்ணை," என்றார். "வானுக்குக் காசு தாங்கோ எண்டு கேட்டால் இங்கை ஒருத்தரும் தராயினம். நடுத்தர அளவிலை ஒரு சொகுசு வாகனம் பாருங்கோ. இங்கை எங்கடை ஆக்கள் எல்லாரும் உதுதான் வைச்சிருக்கினம். புதுசு வேண்டாம், சனம் கதைக்கும். பாவிச்சதாய் இருக்கட்டும். ஆனால் பாவிச்சது மாதிரித் தெரியக்கூடாது."

இப்படியாகப் பிறந்ததுதான் நடுத்தர அளவுச் சொகுசு வாகன மதிப்பீடு, தெரிவு மற்றும் கண்காணிப்பு உப குழு. யாப்பின்படி அதில் ஒரு பெண் பிரதிநிதியும் ஒரு பயனாளிப் பிரதிநிதியும் இருக்க வேண்டும். இரண்டு பேரைப் போட்டால் இரண்டு தேத்தண்ணி கூடும் என்பதால் இரண்டு பதவியையும் சுவர்ணாவுக்கே கொடுத்தார்கள். மற்ற இரண்டு அங்கத்தவர்களும் செல்வநாயகமும் நோர்மன் மாஸ்ரரும்தான். எந்தத் தீர்மானமும் மூவரும் ஒப்பி, கனடாக் கிளையும் ஒப்பினால்தான் செல்லும். வாகனத்தைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள், பிடித்தால் வாங்குவார்கள், வாங்கினால் கோபிசங்கர் மானிப்பாய்க்குப் போவான் என்று சுவர்ணா கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று அவளுக்கு நெடுநாள் விளங்கவில்லை.

வாகன விற்பனை நிலையம் ஒன்றிலிருந்து றொபின் என்பவர் அந்த வாகனத்தைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், உயரமான உடம்பு, கூரையில் கண்ணாடி. எங்கள் ஊரில் நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கும் எதற்கும் ஜீப் என்றுதான் பெயர். இதற்கும் அதுவே பெயராயிற்று. ஒருநாள் மட்டும் ஓடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று றொபின் சொன்னார். பாவம், நல்ல மனிதர்.

முதலில் ஜீப்புக்கு மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடி, நோர்மன் மாஸ்ரருக்காக ஒரு ஜெபமும் செய்தார்கள். அதற்குப் பிறகு தேசிக்காய்ப் பிரச்சினை வந்தது. நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவது வழக்கம். ஆனால் அது வாங்கிய வாகனத்துக்கு. இதுவோ இன்னும் மதிப்பிடாத வாகனம். இப்போதே நசித்தால் மதிப்பீட்டின் முடிவை முன்கூட்டியே அறிவித்ததாகிவிடாதா என்று நோர்மன் மாஸ்ரர் கேட்டார். நசிக்காமல் போனால் வழியில் ஏதாவது நடந்துவிடாதா என்று செல்வநாயகம் கேட்டார். மத்தியானம் வரை கதைத்து, தேசிக்காயை வைப்பது, ஆனால் நசிக்காமல் எடுத்துவிடுவது என்று முடிவானது. எடுத்த தேசிக்காயைப் பிழிந்து எல்லோரும் குடித்தார்கள்.

அடுத்தது முன் சீற். றொபின் ஓட்டுவதால் மிஞ்சி இருப்பது ஒரே ஒரு முன் சீற்தான். தலைவர் இருக்கத்தானே முன் சீற் என்றார் செல்வநாயகம். மீற்றரைப் பார்க்காமல் குறிப்பெழுத ஏலாது என்றார் நோர்மன் மாஸ்ரர். இரண்டு பேரும் ஒரே கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஏறுங்கோ" "இல்லை, நீங்கள் ஏறுங்கோ" என்று மிகுந்த மரியாதையுடன் நின்றார்கள். கதவை இருவருமே விடவில்லை. கடைசியில் முன் சீற் தலைவருக்கு, மீற்றர் எண்களைத் தலைவர் பின்னுக்கு உரத்துச் சொல்வார் என்று தீர்மானமாயிற்று.

"இந்தச் சீற் ஆளை ஞாபகம் வைச்சிருக்கும் சேர்," என்றார் றொபின் பெருமையாக. "எவ்வளவு தள்ளி, எவ்வளவு சாய்ச்சு எண்டு மூண்டு பேரின்ரை அளவைப் பதியலாம். பட்டனை அமத்தினால் அந்த அளவுக்கு வந்து நிக்கும்."

"மூண்டும் எனக்கே பதியும்," என்றார் செல்வநாயகம். "ஒண்டு காலமைக்கு. ஒண்டு சாப்பிட்ட பிறகு. மற்றது நித்திரைக்கு."

பதிந்தார்கள். செல்வநாயகம் ஆறடி மனிதர், ஆகையால் மூன்று அளவிலும் சீற் கடைசிவரை பின்னால் போய் நின்றது. தலைவருடைய சீற்றை உப குழுவின் தீர்மானமில்லாமல் யாரும் அசைக்கக் கூடாது என்று பிரேரணை வந்தபோது, எல்லோரும் கையை உயர்த்தியதால் சுவர்ணாவும் உயர்த்தினாள். கைபேசிக்குள்ளிருந்து கனடாவும் நித்திரைக் கண்ணோடு பெருவிரலை உயர்த்திக் காட்டியது.

பின்சீற்றில் விற்பனை நிலையம் போட்ட பொலித்தீன் உறை கழற்றப்படாமலே இருந்தது. அதைக் கழற்றினால் வாகனம் பாவித்ததாகிவிடும். வளைவுகளில் சுவர்ணா ஒரு கதவிலிருந்து மற்றக் கதவுக்கு வழுக்கிப் போனாள், வந்தாள். இடையில் ஒருதடவை நிலைகொண்டபோது கேட்டாள்.

"ஐயா, இந்தப் பின்சீற்றை மடிச்சால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாமோ?"

"நல்ல கேள்வி," என்றார் செல்வநாயகம். "நிகழ்ச்சி நிரலிலை கடைசியாய்ப் போடும் நோர்மன்."

அந்த நிகழ்ச்சி நிரல் முடிகிற நிரலாக இல்லை. ஒருநாள் என்று வந்த ஜீப், சபை பிடித்த ஒரு சாரதியுடன், சபையோடேயே தங்கிவிட்டது. சொகுசை மதிப்பிட உடுவிலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார்கள். அது செல்வநாயகத்தின் தங்கை மகளின் கலியாணம். குளிரூட்டியை மதிப்பிட ஒரு செத்த வீட்டுக்குப் போனார்கள். சுடலைக்குப் போகாமல் உள்ளேயே இருந்து, துக்க நேரத்திலும் குளிர் ஒரே சீராக வருகிறது என்று நோர்மன் மாஸ்ரர் குறித்துக்கொண்டார். மேட்டில் ஏறும் வலுவைப் பார்க்க வேண்டும் என்றபோது, குடாநாட்டில் மேடு கிடையாதே என்று றொபின் சொன்னார். அதற்காக மலைநாட்டுக்குப் போய் மூன்று நாள் நின்று வந்தார்கள். பயனாளிப் பிரதிநிதிக்கு அந்தப் பயணத்தில் இடமில்லை.

கனடாக் கிளை தன் பங்குக்கு விடவில்லை. சீற் சூடாக்கும் வசதிக்கு எத்தனை புள்ளி என்று சிவரூபன் கேட்டார். அது இல்லாத வாகனத்தை அங்கே ஒருவரும் வாகனம் என்றே சொல்வதில்லையாம். ஆகவே சித்திரை வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானத்தில், சபை வாசலில் ஜீப்பை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, சீற்றைச் சூடாக்கி மூவரும் இருந்தார்கள். கைபேசித் திரையில் சிவரூபன் நித்திரை முழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகத்தின் நெற்றியிலிருந்து வேர்வை தாடை வழியாகச் சால்வையில் சொட்டியது.

"எப்பிடி அண்ணை இருக்கு?"

"இப்பதான் தம்பி விளங்குது," என்றார் அவர் கம்மிய குரலில், "நீங்கள் கனடாவிலை படுற கஷ்டம்."

ஆனால் எல்லாப் பரீட்சையிலும் உச்சம் கரையோர றோட்டில் நடந்தது. மயிலிட்டியிலிருந்து மேற்கே, கடலை ஒட்டிப் போகும்போது, எல்லாக் கண்ணாடிகளையும் மூடச் சொன்னார் தலைவர். பக்கத்திலே அலை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதோ நோர்மன்?"

"ஒண்டும் கேக்கேல்லை சேர்."

"அதுதான்!" என்று செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கடை முப்பாட்டன்மார் பிறந்ததிலிருந்து சாகும்வரைக்கும் இந்தச் சத்தத்துக்குள்ளை கிடந்து உழைச்சவை. இண்டைக்கு அவையின்ரை பிரதிநிதி கடலுக்குப் பக்கத்திலை போறான், கடல் கேக்கேல்லை, மணக்கேல்லை. இதைவிட ஒரு சமூகத்துக்கு என்ன மேம்பாடு வேணும்? முழுப் புள்ளியும் போடும்."

அலைக்கு அப்பால் யாரோ ஒருவன் தனியே வலை இழுத்துக்கொண்டிருந்ததைச் சுவர்ணா கண்டாள். அவளுக்கு முதன்முறையாக ஆத்திரம் வந்தது. இது வாகனம் வாங்குகிற ஆட்களின் போக்கே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வாங்கினால் ஊருக்குக் கொடுக்க வேண்டும். மதிப்பிட்டுக்கொண்டே இருந்தால் தாங்களே ஏறித் திரியலாம்.

றொபினுக்கும் இது உறைக்காமல் இல்லை. அவர் ஓரிரு கிழமைக்கொருதடவை சாவியை வாங்க வருவார். வந்தவுடன் கதிரை போட்டு இருத்தி, சபையின் வளர்ச்சியில் அவருடைய பங்கைப் பாராட்டி, பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பார்கள். தோளில் பொன்னாடை கிடக்கும்போது ஒரு மனிதன் எப்படிச் சாவியைக் கேட்பான்? பொன்னாடையோடு வந்த வழியே போவார். அவருடைய வீட்டு அலுமாரி பொன்னாடையால் நிறைந்து, மனைவி யன்னல்களுக்குத் திரை தைக்கத் தொடங்கியிருந்தாள்.

வீட்டில் கோபிசங்கர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தான். மனைவி ஜீப்பில் போய்வரும் கதைகளைக் கேட்டுச் சிரிப்பான். அவனுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

"இண்டைக்கு ஜீப்பிலை என்ன கண்டனீ?"

"குண்டி சுட்டது."

அவன் சிரித்தான். பிறகு, "சுவர்ணா, இடக்கால் இப்ப முந்தியளவுக்கு அசையுதில்லை," என்றான். "இப்பிடியே இறுகிப்போயிடுவனோ எண்டு பயமாய்க் கிடக்கு." அவன் பயம் என்ற சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. புயலுக்குள் போய் வந்தபோதும் பசிக்குது என்றுதான் சொன்னவன். அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அழுகைச் சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டிருக்க வேண்டும். றஜனி வந்தாள். மீன் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவள். சொந்தமாக ஒரு பட்டா வைத்திருந்தாள், சின்ன லொறிதான், பின்பக்கம் திறந்தது. அதைத் தானே ஓட்டுவாள். ஏசிக்கொண்டேதான் ஓட்டுவாள்.

"ஜீப் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தால் உவன் கருவாடாய்ப் போவான்," என்றாள் றஜனி. "என்ரை பட்டாவிலை ஏத்துவம்."

"குலுக்குமே அக்கா. மெத்தையைப் போட்டாலும் வழுக்கும்."

"மெத்தை ஏன்? நீங்கள் கடற்கரைச் சனம்தானே? பழைய வலை கொண்டுவா."

கிழிந்த வலைக்கு அந்த ஊரில் என்ன பஞ்சம்? வளவுக்கு வளவு குவிந்து கிடந்தது. பட்டாவின் பின்தட்டு நிறைய, முழங்கால் உயரத்துக்கு வலையை மடித்து மடித்துப் போட்டு, நடுவில் ஒரு ஆள் கிடக்கும் அளவுக்குக் குழித்துவிட்டு, மேலே ஒரு சேலையை விரித்தார்கள். கோபிசங்கரை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கி அதற்குள் இறக்கினார்கள். வலை அவனைப் பிடித்துக்கொண்டது. றஜனி றோட்டின் குழிகளை, அந்தக் குழிகளை மூடாதவர்களின் பெயர் சொல்லிச் சொல்லி விலத்தி ஓட்டினாள். சுவர்ணா அவன் தலைமாட்டில் குந்தியிருந்து வெயிலுக்குக் குடை பிடித்தாள்.

கட்டுவன் சந்தி தாண்டும்போது, "நோகுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை." அவன் வானத்தையும் பின்னோக்கிப் போகும் பனைகளின் உச்சி வட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். "வள்ளத்துக்கை கிடந்து போறமாதிரிக் கிடக்கு." அவளுக்கு அந்த நிமிஷம் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு வாராவாரம் அப்படியே போனார்கள். சபைக்கு அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குழு போட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். கால் அசையத் தொடங்கியது.

ஜீப்பின் மதிப்பீட்டைப் பற்றிய இடைக்கால அறிக்கை வெளியீட்டு விழா துறைமுகத்தில் நடந்தது. பந்தல், நாதஸ்வரம், கதிரைகள் எல்லாம் உண்டு. கதிரைகளில் ஆட்களைக் காணவில்லை, ஏனென்றால் அது காலமை படகுகள் வந்து சேரும் நேரம். உப குழு அங்கத்தவர் வராவிட்டால் விழா செல்லாது என்று நோர்மன் மாஸ்ரர் ஆளனுப்பியதால், கிளினிக்குக்குப் புறப்பட்ட பட்டாவை ஒரு புறமாக நிறுத்திவிட்டுச் சுவர்ணா மேடைக்கு வந்தாள். கோபிசங்கர் வலைக்குள் கிடந்தபடி பேச்சுகளைக் கேட்டான்.

மேடைக்குப் பின்னணியாக ஜீப்பை நிறுத்தி, அதன் பின்புறத்தோடு ஒட்டினாற்போல் செல்வநாயகம் நின்று பேசினார். சாவி அவர் இடுப்பில் செருகியிருந்தது. றொபின் முன்வரிசையில், அன்றைய பொன்னாடையுடன், அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியான ஜீப்புகளில் ஒரு வசதி உண்டு. இரண்டு கையிலும் சாமானோடு வருகிறவர்கள், சாவி உடம்பில் இருந்தால், பின்புறத்தின் கீழே காலை ஒருதடவை ஆட்டினால் போதும், பின்கதவு தானாக மேலெழும்பித் திறக்கும். செல்வநாயகத்திடம் ஒரு பழக்கம் உண்டு. பேச்சில் உச்சத்துக்குப் போகும்போது வலக்குதியைப் பின்னால் ஆட்டுவார்.

"இந்த வாகனம் என்னத்தைக் காட்டுது?" என்று முழங்கினார். குதி ஆடியது. "கடற்றொழிலாளன் இனி ஆருக்கும் குனியமாட்டான் எண்டதைக் காட்டுது!"

பின்கதவு இரண்டு முறை கூவிவிட்டு மேலே வந்தது. அது அவரை இடுப்பிலே இடித்துத் தள்ளியது. துள்ளித் திரும்பினார். மாலை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாதஸ்வரக்காரர் அதை விழாவின் ஒரு பகுதி என்று எண்ணிக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டினார்.

"ஐயோ, இடுப்பு!" என்றார் செல்வநாயகம் நிலத்தைப் பார்த்தபடி. "இருத்தாதேங்கோ! மடக்காதேங்கோ! நீட்டிப் படுக்க விடுங்கோ!"

சுவர்ணாவுக்கு இந்தச் சொற்கள் மிகவும் பழக்கமானவையாக இருந்தன.

ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று ஓடினார்கள். பின்பக்கத்திலிருந்த குத்துவிளக்கையும் ஒலிபெருக்கியையும் பொன்னாடைப் பெட்டியையும் இறக்கினார்கள். சீற்றை மடித்தார்கள். தலைவரைத் தூக்கி உள்ளே நீட்டினார்கள். ஆறடியில் கணுக்காலிலிருந்து கீழே வெளியே நின்றது. கதவு தானாக இறங்கி வந்தது, தலைவரின் பாதத்தைத் தொட்டது, ஏதோ தடை இருக்கிறது என்று கூவியது, திரும்ப மேலே போனது. மறுபடி இறங்கியது. மறுபடி கூவிவிட்டுப் போனது.

"முன் சீற்றை முன்னுக்குத் தள்ளினால் கால் உள்ளுக்கை வரும்," என்றார் றொபின்.

"தள்ளும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"தள்ள ஏலாது," என்றார் நோர்மன் மாஸ்ரர். அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேனா கையில் இருந்தது. "தலைவரின்ரை சீற்றைத் தீர்மானமில்லாமல் அசைக்கப்படாது. ஏகமனதாய் நிறைவேற்றினது."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் வலியில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஆனாலும் ஒரு பெரிய கதிரையின் பழக்கம் இலேசில் போகாது.

"நோர்மன் சொல்லுறது சரி," என்றார் முனகிக்கொண்டு. "எனக்காக ஒழுங்கை மீறினால் பிறகு ஆர் ஆரெல்லாம் மீறுவினம். பிரேரணையை... முன்மொழியும்."

நோர்மன் மாஸ்ரர் முன்மொழிந்தார். சுவர்ணா ஒரு மூச்சில் வழிமொழிந்தாள். இனிக் கனடாவின் சம்மதம் வேண்டும். கைபேசியில் அழைத்தார்கள். மணி அடித்தது. மறுபடி அழைத்தார்கள். அங்கே ஊரே உறங்கும் நேரம். சிவரூபன் சூடாக்கிய கட்டிலில் நல்ல நித்திரை போலும். கதவு இறங்கியது, கூவியது, ஏறியது.

"அட விசர்க் கூட்டமே," என்று சொல்லிக்கொண்டு றஜனி பட்டாவைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

கோபிசங்கர் வலைக்குள் கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தான். தலைவரை அவனுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். வலை அவரையும் பிடித்துக்கொண்டது. மீன் மணத்துக்கு அவருடைய மூக்கு ஒருதடவை சுருங்கியது. நோர்மன் மாஸ்ரர் குத்துவிளக்கைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார்.

தெல்லிப்பழை தாண்டியதும் கோபிசங்கர் வானத்தைப் பார்த்தபடியே கதை கொடுத்தான்.

"ஐயா, அந்த ஜீப்பிலை ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாமோ எண்டு என்ரை மனிசி கேட்டவ. மறுமொழி ஏதும் தெரியுமோ?"

செல்வநாயகம் கண்ணைத் திறக்கவில்லை.

"அறிக்கையிலை வரும், தம்பி," என்றார்.

விழா நடந்த இடத்தில், தலைவரைத் தூக்கிய இடத்து மணலில், சாவி கிடந்தது. றொபின் அதை எடுத்தார். பொன்னாடையைக் கழற்றி ஒழுங்காக மடித்து ஒரு கதிரையில் வைத்தார். பிறகு ஜீப்பில் ஏறி, பின்கதவு திறந்தபடியே, ஒரே பிடியில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். வழியில் நிறுத்தினால் யாராவது பாராட்டிவிடுவார்களோ என்று பயந்ததாகப் பின்னர் சொன்னாராம்.

அறிக்கை வரத்தான் செய்தது. சொகுசு, குளிர், சூடு, கடல் கேளாமை எல்லாவற்றுக்கும் புள்ளி இருந்தது. கடைசிப் பக்கத்தில், நோர்மன் மாஸ்ரரின் அழகான தமிழில், "மதிப்பீட்டுக் காலத்தில் நோயாளி எவரும் கிடைக்காமையால், நோயாளரை ஏற்றும் வசதி பற்றி அபிப்பிராயம் கூற இயலவில்லை" என்று இருந்தது. தலைவர் ஒரு கிழமையில் இடுப்புப் பட்டியுடன் எழும்பிவிட்டார். ஆனால் சபைக்கு இப்போது வாகனம் இல்லை. மதிப்பிடுவதற்கு ஒன்றுமில்லாத உப குழு எப்படி இயங்கும்?

ஒருநாள் காலமை றஜனியின் படலையில் கூட்டம் நின்றது. செல்வநாயகமும் நோர்மன் மாஸ்ரரும் ஓட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். குத்துவிளக்கும் மாலையும் படம் எடுக்க ஆளும் கூடவே வந்திருந்தன. நோர்மன் மாஸ்ரரின் கையிலிருந்த கைபேசிக்குள் சிவரூபன் இருந்தார்.

"றஜனி, உம்மடை பட்டா சமூகத்துக்குச் செய்த சேவையைச் சபை கவனத்திலை எடுத்திருக்கு," என்று செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "அதைப் பொறுப்பெடுத்து முறையாய் மதிப்பிட ஒரு உப குழு..."

"என்னெண்டு?" என்றாள் றஜனி.

"முதலிலை ஒரு படம் எடுப்பம்," என்றார் நோர்மன் மாஸ்ரர். "கனடாவுக்கு வேணும். அந்தப் பயனாளியைக் கொண்டுவந்து வலைக்கை படுத்துங்கோ." பட்டாவின் பக்கத்தில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு ஒருவன் நிற்பதைக் கண்டு, "தம்பி, கொஞ்சம் விலத்தும், படத்துக்கை வாறீர்," என்றார்.

"நான்தான் மாஸ்ரர் அந்தப் பயனாளி," என்றான் கோபிசங்கர்.

நோர்மன் மாஸ்ரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீர் நிக்கிறீரே?"

"ஓம். நேற்றைக்குத் தொடக்கம்."

கைபேசிக்குள் இருந்து சிவரூபன், "என்னவாம், நோயாளி நிக்கிறானோ?" என்று கேட்டார். "நிக்கிற நோயாளியைப் போட்டால் இங்கை ஆர் காசு தருவினம்? ஒருக்காப் படுக்கச் சொல்லுங்கோ."

"ஒரு நிமிஷம்தான் தம்பி," என்றார் செல்வநாயகம். "ஊர் மேம்பாட்டுக்காக."

சுவர்ணா அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். இத்தனை மாதம் கூட்டத்தில் உயர்த்திய அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவர் இனிப் படுக்கமாட்டார், ஐயா. படுக்க ஆள் வேணுமெண்டால் நீங்கள் ஏறுங்கோ. வலைக்கு உங்கடை அளவு ஞாபகம் இருக்கும்."

படம் எடுக்க வந்தவன் சிரித்துவிட்டான். செல்வநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குத்துவிளக்கை யார் திரும்ப ஓட்டோவில் ஏற்றுவது என்று நோர்மன் மாஸ்ரர் மெதுவாகக் கேட்டார். அன்று கிளினிக் நாள். றஜனி ஏறி இருந்து பட்டாவைக் கிளப்பினாள். சுவர்ணா வழக்கம்போலப் பின்தட்டில் ஏறப் போனாள், பிறகு நின்று, புருஷனின் தடியை வாங்கிக்கொண்டு முன்கதவைத் திறந்துவிட்டாள்.

கோபிசங்கர் மெல்ல மெல்ல ஏறி முன் சீற்றில் இருந்தான். அதற்கு யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை.